கோட்டை வாயிலைப் பிள்ளையே அளந்து செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாற்றுப் பாட ஒப்படைக்காகப் பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுவரும் கோட்டை மாதிரியுருக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. வெள்ளை ரெஜிபோமில் ஒரு பெட்டி, நான்கு மூலைக்கும் நான்கு கொத்தளம், முகப்பில் கறுப்பு மார்க்கரால் கீறிய செங்கல் கோடு, உச்சியில் ஒரு கொடி. கீழே ‘பிரடெரிக் கோட்டை’ என்று எழுதி ஒட்டியிருக்கும். அது மட்டக்களப்புக் கோட்டையின் வடிவம். திருகோணமலையில் உள்ள நமது கோட்டை அப்படி இல்லை என்பதை நகரத்துப் பிள்ளை ஒருமுறை நடந்து போய்ப் பார்த்தாலே தெரிந்துகொள்ளும். இன்னும் சில வீடுகளில் காசு கொடுத்து வெளியே செய்விக்கிறார்கள். அதில் பிள்ளையின் கை பட்டது பெயர்த்துண்டில் மட்டும்தான்.

இதற்குப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. முழுக் கோட்டையையும் ஒரு பலகையில் அடக்கவேண்டும் என்று நினைப்பதால்தான் வேலை மலைப்பாகி, கடைசி இரவில் கடைக்கு ஓட வேண்டி வருகிறது. கோட்டை முழுவதும் வேண்டாம். வாயிலும் அதன் இருபக்க மதிலும் போதும். ஒரே அளவிடையில், பிள்ளை தானே அளந்து வந்த அளவில் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும் என்பதைப் பெற்றோருக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வடிவம். நமது கோட்டை நிற்கும் சுவாமிமலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு முனை. அதன் பெரும்பகுதியைக் கடலும் செங்குத்துப் பாறையும் காக்கின்றன. அதனால் பெரிய மதில் தேவைப்பட்டது நகரத்தை நோக்கிய கழுத்துப் பகுதிக்குத்தான்: ஒரு பக்கக் கடலில் தொடங்கி மறுபக்கக் கடல்வரை நிலத்தைக் குறுக்கே அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டை சமதரையில் நிற்பதால் ஐந்து மூலைகளோடு சுற்றிவர மதில் வேண்டியிருந்தது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளை தன் வாயால் சொன்னால் ஒப்படையின் பாதி முடிந்த மாதிரி. இணையத்தில் ‘கோட்டை’ என்று தேடி வருகிற படத்தைப் பார்த்துச் செய்தால் காலியோ யாழ்ப்பாணமோதான் வந்து நிற்கும்.

எந்தக் காலத்துக் கோட்டை என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு திருத்திப் பலப்படுத்தினார்கள். 1782 ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேயரிடமும் ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயரை அவர்கள் சூட்டியது 1803 இல். ஆகவே போர்த்துக்கேயக் கொடியை நட்டுவிட்டுக் கீழே ‘பிரடெரிக் கோட்டை’ என்று எழுதினால் பெயரும் கொடியும் ஒன்றையொன்று மறுக்கும். எளிய வழி, இன்று கண்ணால் பார்க்கிற வாயிலை இன்றைய நிலையிலேயே செய்வது. கொடி வேண்டாம்.

இனி அளவு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிற வீதியில் எல்லோரும் போய்வரலாம் என்றாலும், வாயிலைப் படம் எடுப்பதற்கு முன் காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட வேண்டும். நாடாவை விரித்து மதில் முழுவதும் அளந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. ஒரு படமும் பிள்ளையின் காலடி எட்டும் போதும்.

வீட்டு முற்றத்தில் பிள்ளையை வழமையான நடையில் 10 எட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தை நாடாவால் அளந்து 10 ஆல் வகுத்தால் ஒரு எட்டின் நீளம் வந்துவிடும். 5.6 மீற்றர் வந்தால் ஒரு எட்டு 56 செ.மீ. இனி வாயிலின் அகலம், மதிலின் தடிப்பு, வாயிலிலிருந்து அடுத்த மூலை வரையுள்ள தூரம் எல்லாவற்றையும் எட்டிலேயே எண்ணிக் கொப்பியில் எழுதிவரலாம். வேகமாக நடந்தால் எட்டு நீளும். அதனால் இரண்டு தரம் நடந்து சராசரி எடுக்க வேண்டும்.

உயரத்துக்குப் படம். பிள்ளை மதிலில் முதுகு முட்டும்படி நிற்க, நீங்கள் நன்றாகப் பின்னுக்குப் போய், கைபேசியைச் சரிக்காமல் நேரே பிடித்து எடுங்கள். படத்தை அச்சிட்டு அடிமட்டத்தால் அளக்க வேண்டும். பிள்ளையின் உயரம் 140 செ.மீ., படத்தில் பிள்ளை 2 செ.மீ., மதில் 8.5 செ.மீ. என்றால், மதிலின் உயரம் 8.5ஐ 2ஆல் வகுத்து 140ஆல் பெருக்க 595 செ.மீ.; ஏறக்குறைய 6 மீற்றர். இதில் இரண்டு பிழை வரும். கிட்ட நின்று கைபேசியை அண்ணாந்து பிடித்தால் மேற்பகுதி ஒடுங்கிச் சுருங்கும், உயரம் குறைத்து வரும். பிள்ளை மதிலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் முன்னுக்கு நின்றால் படத்தில் பெரிதாகத் தெரியும். அப்போதும் மதில் உள்ளதைவிடச் சிறிதாகத்தான் கணக்கில் வரும். மதிலில் முட்டி நிற்கச் சொல்வது அதற்காகத்தான்.

அளவிடை 1:50 நல்லது. ஒரு மீற்றருக்கு 2 செ.மீ. 1:100 கணக்குக்கு எளிது என்று பலர் எடுப்பார்கள்; ஆனால் அந்த அளவில் வாயில் 3 செ.மீ. அகலத்துக்கு வந்துவிடும், 11 வயதுப் பிள்ளையின் விரல்கள் அதற்குள் தாராளமாக அசையாது, வளைவை ஒழுங்காக ஒட்டவும் முடியாது. மேலே சொன்ன உதாரணக் கணக்கையே தொடர்வோம்: மதில் உயரம் 6 மீற்றர் என்றால் 12 செ.மீ.; வாயில் அகலம் 3 மீற்றர் என்றால் 6 செ.மீ.; 30 மீற்றர் நீள மதில் 60 செ.மீ. உங்கள் பிள்ளை கொண்டுவரும் எண்கள் வேறாக இருந்தால் அவற்றையே போடுங்கள். வெட்டத் தொடங்குமுன் ஒரு டிமை தாளில் முன்தோற்றத்தையும் தளப்படத்தையும் அதே 1:50 இல், முழு அளவில், பிள்ளை கீறவேண்டும். பிறகு வெட்டுகிற ஒவ்வொரு துண்டையும் அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

பொருட்களுக்குப் பெரிய செலவில்லை. ரெஜிபோம் வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். வெட்டும்போது மணிமணியாக உதிர்ந்து வீடு முழுக்கப் பறக்கும். சூப்பர் குளூவும் ஸ்பிரே பெயின்ட்டும் பட்டால் கரைந்து குழிவிழும். தவணை முடிந்ததும் அது போய்ச் சேர்கிற இடம் குப்பைமேடு அல்லது கடற்கரை. ரெஜிபோம் உணவுப் பெட்டியை 2017 இல் தடைசெய்த நாட்டில், பாடசாலை ஒப்படைக்கென்று தாள் தாளாக வாங்குவது பொருத்தமில்லை. பலசரக்குக் கடையில் கேட்டால் கிடைக்கும் பிஸ்கட் பெட்டி மட்டை மூன்று, பிரிஸ்டல் போர்ட் ஒன்று, டிமை தாள் ஒன்று, பைண்டர் கம் கால் கிலோ, உடுப்புக் கிளிப் ஒரு டசின், முட்டைக் கோது ஒரு டசின். முட்டைக் கோது எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறோம். இரண்டு வாரம் முந்தியே சேர்க்கத் தொடங்க வேண்டும்.

அடிப்பலகைக்கு 65 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் இரண்டு மட்டைகள். ஒன்றின் உள்ளே ஓடும் நெளிவு நீளவாட்டிலும் மற்றதின் நெளிவு குறுக்குவாட்டிலும் இருக்கும்படி ஒட்டி, ஒரு இரவு முழுதும் கனமான புத்தகங்களை மேலே அடுக்கி வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாட்டில் ஒட்டினால் பலகை வளையும். பிளைவூட் துண்டு கையில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஆனால் பாரம் கூடும்.

இப்போது மதில். பீரங்கிக் காலத்துக் கோட்டை மதில் பலகை போல நிமிர்ந்து நிற்பதில்லை. அடி அகன்று மேலே போகப் போகப் பின்னுக்குச் சாயும். பின்பக்கம் மண்மேடு தாங்கும். மாதிரியுருவில் இந்தச் சாய்வு வராவிட்டால் அது வீட்டுச் சுற்றுமதில் மாதிரித்தான் தெரியும். சாய்வைக் கொண்டுவருவது, முகப்பு மட்டையைப் பின்னால் தாங்கிக் குறுக்கே நிற்கும் விலாக்கள். பிரிஸ்டல் போர்ட்டில் ஒரு விலாவின் அச்சு வெட்டுங்கள்: அடி 8 செ.மீ., தலை 6 செ.மீ., உயரம் 12 செ.மீ., பின்விளிம்பு நிமிர்ந்தது, முன்விளிம்பு சாய்ந்தது. அதை மட்டையில் வைத்துக் கீறி எட்டு விலாக்கள் வெட்ட வேண்டும். 60 செ.மீ. மதிலில் வாயிலுக்கு நடுவே 6 செ.மீ. போனால் பக்கத்துக்கு 27 செ.மீ. மிஞ்சும், 9 செ.மீ.க்கு ஒன்றாக ஒரு பக்கத்துக்கு நான்கு விலாக்கள். வாயிலின் இரு ஓரத்திலும் கட்டாயம் விலா நிற்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. இதைக் கவனிக்காமல் சம இடைவெளியில் நட்டுக்கொண்டு போய், கடைசியில் வாயிலுக்கு நேரே ஒரு விலா வந்து நிற்பது வழக்கமாக நடக்கிற பிழை.

விலாவுக்கும் முகப்புக்கும் மட்டையின் நெளிவு மேல்கீழாக ஓட வேண்டும். கிடையாக ஓடினால் மதில் தன் பாரத்திலேயே நசியும்.

முகப்பு மட்டையின் உயரம் 12 செ.மீ. அல்ல. சாய்ந்து போவதால் 12.2 செ.மீ. வேண்டும். தரம் 9, 10 பிள்ளை என்றால் பைதகரஸ் தேற்றத்தால் கணக்குப் பார்க்கட்டும்: 12இன் வர்க்கம் 144, சாய்வு 2இன் வர்க்கம் 4, கூட்டினால் 148, வர்க்கமூலம் 12.17. சிறிய பிள்ளை விலாவின் சாய்விளிம்பை அடிமட்டத்தால் அளந்தால் போதும். 12க்கே வெட்டிவிட்டால் உச்சியில் 2 மி.மீ. வெடிப்பு நிற்கும், அதைக் கம் விட்டு அடைக்க முயன்று எல்லோரும் அழுக்காக்குவார்கள். மதில் 90 பாகையில் வெளிப்பக்கம் திரும்புகிற மூலை இருந்தால், அந்த மூலைப் பக்கம் இரண்டு முகப்பு மட்டைகளின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பைவிட 2 செ.மீ. குறைத்துச் சரிவாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் அடியில் பொருந்திய மட்டைகள் மேலே ஒன்றையொன்று முட்டித் தள்ளும். அது மட்டையின் குற்றமல்ல, சாய்வின் கணக்கு.

வெட்டுவது பெரியவர் வேலை. அளப்பது, கீறுவது, ஒட்டுவது, பூசுவது பிள்ளையின் வேலை. இந்தப் பிரிவு முதலிலேயே பேசப்பட வேண்டும். கட்டரை ஒரே இழுவையில் அமர்த்தி வெட்டினால் அலகு வழுக்கும், மட்டையும் நசியும். மெதுவாக மூன்று இழுவை. பிளாஸ்ரிக் அடிமட்டத்தை அணைத்து வெட்டினால் அடிமட்டத்தின் விளிம்பையே சீவிவிடும், பிறகு அது நேர்கோடு தராது. இரும்பு அடிமட்டம் வேண்டும். கீழே வைக்கப் பழைய லினோலியம் துண்டு நல்லது.

வாயில் ஒரு துவாரம் மட்டுமல்ல. தடித்த மதிலைக் குடைந்துகொண்டு உள்ளே போகிற வளைவு வழி அது. பலர் முகப்பில் துளை வெட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே பிஸ்கட் பெட்டியின் எழுத்துத் தெரியும். உட்சுவருக்குப் பிரிஸ்டல் போர்ட்டில் ஒரு நாடா வெட்ட வேண்டும். பக்கச் சுவர் நிமிர்ந்து போகிற உயரம் 4 செ.மீ., அதன் மேல் அரைவட்டம், ஆரை 3 செ.மீ. அரைவட்டத்தின் நீளம் 3.14 தரம் 3, அதாவது 9.4 செ.மீ. இருபக்கச் சுவரையும் கூட்ட 17.4 செ.மீ. இந்தக் கணக்குப் படிக்காத சிறிய பிள்ளை துளையின் விளிம்போடு நூலை ஒட்டிப் பிடித்து அளக்கலாம். அதே விடை வரும். நாடாவின் அகலத்தை 8 செ.மீ.க்குச் சரியாக வெட்டாமல் 9 செ.மீ.க்கு வெட்டுங்கள். முகப்பு சாய்ந்திருப்பதால் முன்விளிம்பு மேலும் கீழும் ஒரே அளவில் வராது. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஒட்டி, காய்ந்தபின் முகப்போடு சேர்த்துச் சீவிவிட்டால் கச்சிதமாக இருக்கும்.

அரைவட்டம் வருகிற பகுதியில் மட்டும், 5 மி.மீ.க்கு ஒரு கோடாக, மை முடிந்த போல்பொயின்ட் பேனையால் அமர்த்திக் கீற வேண்டும். கீறாமல் வளைத்தால் நாடா நடுவில் முறிந்து, அரைவட்டம் கூரை மாதிரி முக்கோணமாகிவிடும்.

ஒட்டும்போது பைண்டர் கம்மை அதிகம் அப்பக் கூடாது. ஈரத்தில் மட்டை ஊதி நெளிவு வெளியே தெரியும். மெல்லிதாகப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, பிறகு பொருத்தி உடுப்புக் கிளிப் போட வேண்டும். மாவுப் பசை மலிவுதான். ஆனால் கரப்பானும் எறும்பும் இரண்டாம் நாளே வந்துவிடும். அதற்குத் துருசு என்ற நச்சு உப்பைக் கலக்கிற பழைய வழக்கம் பிள்ளைகள் கை வைக்கிற வேலைக்கு ஆகாது.

இனிக் கல் வேலை. இந்த மாதிரியுருவில் பிள்ளைக்கு மிகவும் பிடிக்கப்போகும் பகுதி இதுதான், நேரம் எடுப்பதும் இதுதான். மார்க்கரால் செங்கல் கோடு கீறுவது பிழை. இது செங்கல் மதில் அல்ல. கல்லுக்கு முட்டைக் கோது. உடைத்த முட்டையின் கோதுகளைக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து இறக்கினால் உட்சவ்வு இலகுவாகக் கழன்றுவரும். சவ்வை எடுக்காமல் ஒட்டினால் நாலாம் நாள் வகுப்பு முழுவதும் மணக்கும். வெயிலில் காயவைத்த கோதைப் பிள்ளை கையால் நகத்தளவு துண்டுகளாக உடைக்கட்டும். மதிலில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்துக்கு மட்டும் கம் பூசி, ஒரு துண்டை வளைந்த பக்கம் மேலே இருக்க வைத்து, பெருவிரலால் அமர்த்தினால் நொறுக்கென்று ஐந்தாறாக வெடிக்கும். அந்தத் துண்டுகளை ஒரு ஈர்க்கு நுனியால் மெதுவாக விலக்கிவிட்டால் நடுவே மெல்லிய பொருத்துக் கோடுகள் தெரியும். ஒழுங்கற்ற கற்களை அடுக்கிச் சாந்து பூசிய மதில் அப்படியே கண்முன்னால் வரும். 4 முதல் 8 மி.மீ. வரையான துண்டு 1:50 இல் 20 முதல் 40 செ.மீ. கல்லுக்குச் சமம். அதைவிடப் பெரிய துண்டை விட்டால் அது பாறாங்கல். மூலைகளிலும் வாயில் வளைவின் ஓரத்திலும் கோது வேண்டாம்; அங்கே பிரிஸ்டல் போர்ட்டில் நீள்சதுரமாக வெட்டிய துண்டுகளைச் செதுக்கிய கல்லாக வரிசையாக ஒட்டினால் மதிலுக்கு ஒரு கட்டுக்கோப்பு வரும்.

60 செ.மீ. மதிலின் முகப்பு சுமார் 700 சதுர செ.மீ. ஒரு கோழி முட்டைக் கோதின் பரப்பு ஏறக்குறைய 70 சதுர செ.மீ. பத்துப் போதும், உடைந்து வீணாவதற்கு இரண்டு. ஒரே இருப்பில் முழு மதிலையும் முடிக்க நினைக்க வேண்டாம். நாளுக்கு அரை மணித்தியாலம், ஐந்தாறு நாள்.

தரைக்கு மணல் தூவுகிறவர்கள் டச்பே கடற்கரையில் அள்ளிவந்த மணலை அப்படியே போட்டுவிடுகிறார்கள். கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு வாரத்தில் தரை நசநசத்து, கம் வெள்ளை பூத்து, திட்டுத் திட்டாகக் கழன்றுவரும். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, காயவைத்து, தேத்தண்ணி வடியால் அரித்துப் போட வேண்டும். வடியில் தங்குகிற பருமணலை எறிந்துவிடலாம்.

நிறம் பூசுமுன் மதிலின் உட்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் பூசினால் காயும்போது மட்டை அந்தப் பக்கமாக வளைந்து விலாவை விட்டுக் கழன்றுவிடும். பிறகு சாம்பலும் மண்ணிறமும் கலந்த ஒரு வெளிறிய நிறம். வெள்ளை எமல்ஷனில் கறுப்பை ஒரு துளி, மஞ்சள் மண்ணிறத்தை இரண்டு துளி. காய்ந்ததும், கறுப்பு மண்ணிறத்தை ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து மேலால் ஓடவிட்டால், அது கல்லிடுக்குகளில் போய்த் தங்கும். மேலே தங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கடைசியாகத் தூரிகையில் வெள்ளையை எடுத்து, கடதாசியில் தேய்த்து ஏறக்குறைய உலரவிட்டு, கற்களின் மேல் தடவினால் வெயில் பட்டது போல விளிம்புகள் எழும். இந்த மூன்று படியில் நடுப்படியை விட்டுவிட்டால் இவ்வளவு நாள் ஒட்டிய கோதும் தெரியாமல் போய்விடும்.

கோட்டைக்குப் போனால் மான்களைப் பார்க்காமல் வரமுடியாது. பிள்ளைகளும் மானை வைக்காமல் விடமாட்டார்கள், வைக்கட்டும். ஆனால் புள்ளிமானின் தோள் உயரம் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 1:50 இல் 2 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். கடையில் வாங்குகிற பிளாஸ்ரிக் மான் 6 செ.மீ. இருக்கும், அது மூன்று மீற்றர் மான், மதிலின் பாதிக்கு நிற்கும். அளவிடை கெட்டுவிட்டது என்பதை எந்த ஆசிரியரும் முதலில் கண்டுபிடிப்பது இந்த மானிலும் மரத்திலும்தான். மானைப் பிரிஸ்டல் போர்ட்டில் வெட்டி நிறம் தீட்டினால் போதும். ஆள் உருவம் ஒன்று, 3.4 செ.மீ. உயரத்தில், வாயிலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பார்க்கிறவருக்கு மதிலின் பருமன் உடனே பிடிபடும். மரத்துக்குத் தென்னந்தும்பும் பழைய ஸ்பொஞ்சும். எட்டு மீற்றர் மரம் 16 செ.மீ. என்பதை மறக்க வேண்டாம்.

வாயிலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எங்களுக்கு மனமில்லை. வாயில் நிலையில் பதித்திருக்கிற கல்லில் மீன் உருவமும், குளக்கோட்டன் என்ற அரசன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி (போர்த்துக்கேயன்) உடைப்பான் என்ற கருத்துடைய தமிழ்க் கல்வெட்டின் மிச்சமும் இருக்கின்றன. இடிந்த கோயிலின் கல் இடித்தவர்கள் கட்டிய கோட்டையிலேயே நிற்கிறது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கடந்துதான் கோணேசரைக் கும்பிடப் போகிறார்கள். பிள்ளை செய்கிற வாயிலில் அந்தக் கல் இல்லாவிட்டால் வாயிலுக்கே பொருளில்லை. ஆனால் 1:50 இல் மீன் ஒரு பொட்டளவுகூட வராது. ஆகவே அந்தக் கல்லை மட்டும் தனியாகப் பெரிதாகச் செய்து, ‘இது அளவிடைக்கு அல்ல’ என்று எழுதிப் பலகையின் ஓரத்தில் வைக்கலாம். நீளமான உடுப்புச் சவர்க்காரக் கட்டியின் மேற்பக்கத்தைச் சமமாகச் சுரண்டி, மீனின் உருவத்தைத் தாளில் கீறி, தாளை ஈரமாக்கி ஒட்டி, குண்டூசியால் வரையின் மேல் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். தாளை எடுத்துவிட்டு, மழுங்கிய ஆணியால் மீனைச் சுற்றியுள்ள பகுதியைச் சுரண்டிச் சுரண்டி இறக்கினால் மீன் மேலெழும். மீனையே தோண்டினால் அது குழியாகிவிடும். புடைப்புச் சிற்பம் என்றால் என்ன என்பதைப் பிள்ளை விரலால் தெரிந்துகொள்கிற இடம் இது. பழைய சவர்க்காரம் காய்ந்து உதிரும், புதுக்கட்டி நல்லது. மேலே பென்சில் தூளைத் தேய்த்தால் கருங்கல்லின் நிறம் வந்துவிடும்.

கோட்டை தவிர வேறு இடங்களும் உண்டு. தரம் 6 பிள்ளைக்குக் கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் செய்வது இலகு; கிணற்றுக்குள் உண்மையான தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீர் கலக்காத பைண்டர் கம்மை இரண்டு மூன்று தரம் மெல்லிதாக விட்டால் காய்ந்ததும் பளபளக்கும். திரியாயில் தாதுகோபத்தைச் சுற்றி வட்டத்துள் வட்டமாக நிற்கும் கற்றூண்கள் கவராயத்தில் கை பழகிய பிள்ளைக்கு நல்ல வேலை. திருக்கோணேஸ்வரத்தைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சம்பந்தர் பாடிய தலம் பழையது, ஆனால் இன்று நாம் காணும் கோயில் 1963 இல் கும்பாபிஷேகம் கண்டது. 1950 இல் நிலத்தடியில் கிடைத்த விக்கிரகங்களையும் 1956 இல் சுவாமிமலையின் அடியில் கடலுக்குள் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கண்ட இடிபாடுகளையும் பெயர்த்துண்டில் குறித்தால் நல்லது. இன்றைய கோபுரத்தைச் செய்துவிட்டு ‘போர்த்துக்கேயர் இடித்த கோயில்’ என்று எழுதுவது பிழை.

காலநிலையையும் பார்க்க வேண்டும். மூன்றாம் தவணை ஒப்படை வாடை மழையோடு வரும். அந்த நாட்களில் இரவோடு இரவாகக் காய்வது நடக்காது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழு நாள் விட வேண்டும், மின்விசிறிக் காற்றில் வைக்கலாம். கச்சான் காற்றுக் காலத்தில் எதிர்மாறு: முற்றத்தில் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சடுதியாகக் காய்ந்து பலகை ஓடாக வளையும். நிழலில், இரண்டு செங்கல்லின் மேல், கீழாலும் காற்றுப் போகும்படி வைக்க வேண்டும். பாடசாலைக்கு ஓட்டோவில் கொண்டுபோவதானால் பலகையை மடியில் வைத்துப் பிடிக்காமல் இருக்கையில் வைத்து, மானும் மரமும் வேறு பெட்டியில் போகட்டும். அவற்றை அங்கே போய்க் குத்திக்கொள்ளலாம். கொஞ்சம் கம்மும் ஐந்தாறு கோதுத் துண்டும் கூடவே கொடுத்தனுப்புங்கள்; வழியில் எங்காவது ஒரு மூலை உதிரும்.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்கு நான்கு வாரம் வேண்டும்: அளக்க ஒரு வாரம், கீறி வெட்ட ஒரு வாரம், கல் ஒட்ட ஒரு வாரம், நிறத்துக்கும் பெயர்த்துண்டுக்கும் ஒரு வாரம். வெள்ளிக்கிழமை சொல்லித் திங்கட்கிழமை கேட்டால் பெற்றோருக்குக் கடையைத் தவிர வேறு வழியில்லை. புள்ளியில் பாதியையாவது பிள்ளையின் அளவுக் கொப்பிக்கும் டிமை தாள் படத்துக்கும் ஒதுக்க வேண்டும். வாங்கிவந்த மாதிரியுருவோடு அளவுக் கொப்பி வராது. பிள்ளைகள் தனித்தனியாகப் போய்க் காவலில் அனுமதி கேட்டு நிற்பதைவிட, அதிபர் ஒரு கடிதம் எழுதி, வகுப்பையே ஒருநாள் காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுமுன், வாயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். 30 பிள்ளைகள் நடந்து 30 விதமாக அளந்து வரும் எண்களை மறுநாள் கரும்பலகையில் எழுதிச் சராசரி எடுத்தால், வகுப்பு முழுவதற்கும் ஒரே அளவு கிடைத்துவிடும். சரிந்து வந்த படங்களும் நீண்டுபோன எட்டுகளும் அங்கேயே தெரியவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர, வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் இருவர்,
உவர்மலை, திருகோணமலை.